என் குதிகாலுக்கு ஒரு நேர்த்திக்கடன்

குதிகால் வலி என்று சொன்னால் யாரும் பதற மாட்டார்கள். நெஞ்சு வலி என்றால் உடனே கார் வரும். பல் வலி என்றால் வீங்கிய கன்னத்தைப் பார்த்து ஒரு "ஐயோ"வாவது கிடைக்கும். குதிகால் வலி என்றால் மட்டும் கேட்கிறவர்கள் எல்லோருமே டாக்டர் ஆகிவிடுவார்கள். எனக்கு வலி வந்த வருடத்தில் ஆலங்குடிக் கடைத்தெருவில் எனக்கு மருந்து சொல்லாத ஆளே இல்லை. காய்கறி வாங்கப் போனால் காய்கறிக்காரம்மா சொல்வார். பெட்ரோல் போடப் போனால் பெட்ரோல் போடுகிறவர் சொல்வார். ஒருவர் நிறைய நட என்பார், அடுத்தவர் நடக்கவே கூடாது என்பார். வெந்நீரில் வை, ஐஸில் வை, எடையைக் குறை, தக்காளியை விடு. தக்காளி என்ன பாவம் செய்தது என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம் புளியை மட்டும் கரைத்து ரசம் வைத்தேன்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, முந்திரிக்காடுகளுக்கு நடுவில் இருக்கிற சின்னப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும், உடனே எழுந்து போய்க் கரும்பலகையில் எழுத வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். தரை சிமெண்டுத் தரை. என் கணவர் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரமே அவரிடம்தான் வரும். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். மனிதர்களின் சத்தம் அவருக்கு அவ்வளவாக விளங்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில்தான் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றினேன். குதிகாலுக்கு அடியில் நெருஞ்சி முள் ஏறின மாதிரி சுரீர் என்றது. உண்மையிலேயே முள்தான் என்று நினைத்து, உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்ததும் கொஞ்சம் குறைந்தது, சமையல் முடிவதற்குள் ஏறக்குறைய போய்விட்டது. மறுநாள் காலையில் மறுபடி அதே இடத்தில் அதே முள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

இந்த வலியின் கெட்ட குணம் இதுதான். யாரும் பார்க்காத நேரத்தில் வரும், நாலு பேர் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும். காலையில் குளியலறைக்கு நடக்கும் வழியில் கண்ணில் தண்ணீர் முட்டும். எட்டரைக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது சாதாரணமாக நடந்து வருவேன். "நல்லாத்தானே நடக்குறே" என்பார்கள். நொண்டிக் காட்டினால்தான் நம்புவார்களோ என்று எனக்கு ஆத்திரமாக வரும். சாயங்காலம் பள்ளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி சுரீர். அப்போது பார்ப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். "டீச்சர் டான்ஸ் ஆடுறாங்க" என்று அவர்கள் சிரிப்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். குதிகால் வலியை அந்தப் பழமொழியில் சேர்க்காமல் விட்டது யார் என்று தெரியவில்லை.

முதல் வைத்தியம் என் நாத்தனார் சொன்னது. என் கணவருக்கு அக்கா, பக்கத்துத் தெருவில்தான் வீடு. செங்கல்லை அடுப்பில் சூடு பண்ணி, அதன் மேல் எருக்கு இலையைப் போட்டு, குதிகாலை வைத்து அழுத்த வேண்டும் என்றார்கள்.

"மூணு நாளு வையி, வலி வந்த எடம் தெரியாமப் போயிரும். எங்க மாமியாளுக்கு அப்புடித்தான் போச்சு."

எருக்கு இலை எங்கள் ஊரில் எங்கிட்டுப் பார்த்தாலும் கிடக்கிறது. செங்கல்தான் கிடைக்கவில்லை. இப்போது கட்டுகிற வீடெல்லாம் ஹாலோபிளாக் கல். என் கணவர் தேடிப் பிடித்து ஒரு பழைய செங்கல்லைக் கொண்டு வந்தார். கேஸ் அடுப்பில் வைத்தால் அது சூடேறவே அரை மணி நேரம் ஆனது. சூடேறியபின் எவ்வளவு சூடு என்று தெரியாமல் காலை வைத்தேன். வலி போகவில்லை, தோல் போனது. ஒரு வாரம் கொப்புளத்தோடு நடந்தேன். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கொப்புளம் ஆறியதும் புதுக்கோட்டைக்கு எலும்பு டாக்டரிடம் போனோம். போனோம் என்றால் நானும் கணவரும். டாக்டர் நல்ல மனிதர், அவசரக்காரர். "என்ன பண்ணுது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"குதிகால்ல வலிங்க டாக்டர். காலையில காலு ஊன முடியல" என்று பதில் சொன்னது என் கணவர்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா இருக்குங்க" என்றதும் அவர்தான். காலை மேசை மேல் தூக்கி வைக்கச் சொல்லி டாக்டர் குதிகாலை அழுத்தியபோது மட்டும் நான் கத்தினேன். அந்த ஒரு பதிலை மட்டும் எனக்காக அவர் சொல்ல முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பின் நுனியில் கோழி மூக்கு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். அந்த எலும்பு முள், வலி இல்லாத பல பேருக்கும் இருக்கும், அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது; உள்ளங்காலுக்கு அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு கெட்டியான சவ்வு ஓடுகிறது, அது இழுபட்டுப் புண்ணாகியிருக்கிறது; ராத்திரி முழுக்க சுருங்கிக் கிடந்துவிட்டுக் காலையில் முதல் அடியில் திடீரென்று விரிவதால்தான் அப்படி வலிக்கிறது என்றார். எனக்கு அது நன்றாக விளங்கியது. என் கணவருக்கு முள் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

"அந்த முள்ள எடுத்துரலாமா டாக்டர்?"

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு மட்டும். செருப்புக்குள் வைக்க சிலிக்கான் மெத்தை. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உள்ளங்காலால் உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும்.

சொல்வது அவருக்குச் சுலபம். வீட்டுக்குள் செருப்பு போடுவது எங்கள் பக்கத்தில் சாமானியமான காரியமா? கூடத்தில் போட்டுக்கொண்டு நடந்த முதல் நாளே நாத்தனார் வந்துவிட்டார்கள்.

"என்னத்தா இது, வீட்டுக்குள்ள செருப்பப் போட்டுக்கிட்டுத் திரியுற?"

"டாக்டர் சொல்லியிருக்காரு மதினி."

"டாக்டரு ஆயிரஞ் சொல்லுவாரு. அடுப்படிக்குள்ளயாச்சும் போட்டுக்கிட்டுப் போயிராத. சாமி படம் இருக்குல்ல."

சாமி படம் எங்கள் வீட்டில் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. ஆகவே அடுப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். ஒரு நாளில் வீட்டுக்குள் நான் நிற்கிற நேரமெல்லாம் அடுப்படியில்தான் என்பது ஏன் எனக்கு உறைக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. கூடத்தைக் கடக்கிற நாலு அடிக்குச் செருப்பு, மணிக்கணக்கில் கிரானைட் தரையில் நிற்பதற்கு வெறுங்கால். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கூட செருப்பு காலில்தான் இருக்கும். அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார். "வீட்டுக்குள்ள எப்பவும் செருப்பு போட்டுத்தான் இருக்காங்க டாக்டர்" என்று வழக்கம்போல் என் கணவர் பதில் சொன்னார். நானும் தலையாட்டினேன். பொய் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் செய்தும் குறையவில்லையே என்று டாக்டர் யோசித்தார். கடைசியில் ஊசி போட்டார். குதிகாலுக்குள் ஊசி இறங்கும்போது எப்படி இருக்கும் என்று எழுதப் போவதில்லை, போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊசி வேலை செய்தது. ஒரு வாரத்தில் நான் காலையில் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போனேன். எனக்கே ஆச்சரியம். பள்ளியில் பிள்ளைகளோடு பாண்டி கூட ஆடினேன். தீபாவளி பட்சணமெல்லாம் அடுப்படியில் வெறுங்காலோடு நின்று நானே செய்தேன். தீபாவளி முடிந்த கையோடு முள் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை முன்னைவிட மோசம். மறுபடி ஊசி போடுங்கள் என்றோம். அடிக்கடி போட்டால் அந்தச் சவ்வே பலவீனமாகிவிடும், ஒரேயடியாக அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி, டாக்டர் எங்களைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல்தான். எனக்கு என்ன பயம் என்றால், இது போகவே போகாது என்ற பயம். எனக்கு ஓய்வு பெற இன்னும் பல வருடம் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழ முடியாத ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்கு என்ன பாடம் நடத்துவாள்? நாற்காலியில் உட்கார்ந்தபடி "எழுது, எழுது" என்று கத்துகிற டீச்சராக நான் ஆகிவிடுவேன். அப்படிப்பட்ட ஒரு டீச்சரிடம் நான் படித்திருக்கிறேன். அவர் முகம் கூட எனக்கு நினைவில்லை, குரல் மட்டும்தான் நினைவிருக்கிறது.

பிசியோதெரபி செய்கிற பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். என்ன செய்கிறது என்று அவள் கேட்க, என் கணவர் ஆரம்பித்தார். "சார், கொஞ்சம் வெளிய ஒக்காருங்க. வலி அவுங்களுக்குத்தானே, அவுங்களே சொல்லட்டும்" என்றாள். அந்த வருடம் முழுவதும் என் காலைப் பற்றி என்னிடம் கேட்டு என்னிடமே பதில் வாங்கின முதல் ஆள் அவள்தான். எப்போது எழுவீர்கள், எங்கே நிற்பீர்கள், எங்கே செருப்பைக் கழற்றுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "அடுப்படி வாசல்ல" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் மேல் பாதி, அடுப்படியில் சாமி படத்தை வைத்தவர் மேல் பாதி.

அடுப்படிக்கென்று ஒரு புதுச் செருப்பு வாங்கினேன். அது வாசலைத் தாண்டாது, தெரு மண்ணே படாது என்று நாத்தனாரிடம் விளக்கினேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிசியோதெரபிப் பெண் சொல்லித் தந்த பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் துண்டை உள்ளங்காலில் மாட்டி விரல்களை நம் பக்கம் இழுக்க வேண்டும். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்து நிற்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். கார்த்திகையில் மழை கொட்டியபோதும் செய்தேன். அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிற நாளிலும் செய்தேன். பள்ளியில் மதிய இடைவேளையில் சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்பேன். பிள்ளைகளும் வரிசையாக வந்து பக்கத்தில் நின்று தள்ளுவார்கள். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மார்கழியில் ஒரு நாள் முள் சின்னதாக இருந்தது. தை முடிவதற்குள் அதன் கூர் மழுங்கிவிட்டது. மாசியில் ஒரு காலை நான் எழுந்து, நடந்து, பல் விளக்கி, பால் காய்ச்சியபின்தான் இன்றைக்கு வலிக்கவே இல்லையே என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா கைவிடல. பங்குனிக்கு நடந்துர வேண்டியதுதான்."

"எங்க?"

"கோயிலுக்குத்தான். ஐப்பசியில அங்கிட்டு ஒரு மோட்டார் வேலைக்குப் போயிருந்தேன்ல, அப்ப ஆத்தாகிட்ட நேர்ந்துக்கிட்டு வந்தேன். வலி போயிருச்சுன்னா பூத்தட்டு எடுத்து வெறுங்காலோட நடந்து வர்றதா."

எனக்குக் கொஞ்சம் உருகிவிட்டது. இந்த மனிதர் எனக்காக இவ்வளவு தூரம் நடப்பதாக நேர்ந்திருக்கிறாரே என்று.

"ஒங்களால அம்புட்டுத் தூரம் நடக்க முடியுமா?" என்றேன்.

"நான் எதுக்கு நடக்குறேன்? நீதான். ஒனக்குத்தானே வலி."

எங்கள் பக்கத்தில் பங்குனியில் மாரியம்மனுக்குப் பூத்தட்டு எடுத்து நடக்காத தெரு இல்லை. நாங்கள் கும்பிடும் அந்தக் கோயில் புதுக்கோட்டையையும் தாண்டி இருக்கிறது. பஸ்ஸில் போனாலே இரண்டு பஸ் மாற வேண்டும். பங்குனி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குதிகால் வலி போனால் குதிகாலைத் தேய்த்து நடப்பதாக நேர்ந்துகொள்ள உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்காவது தோன்றுமா? பல் வலி போனால் கல்லைக் கடிக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்களா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் என் காலை எடுத்து உடைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

போனில் பிசியோதெரபிப் பெண்ணைக் கேட்டேன். பதறிவிட்டாள். இப்போதுதான் ஆறியிருக்கிறது, தார் ரோட்டில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும் என்றாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். வீட்டில் அது எடுபடவில்லை.

"சாமி விசயத்துல டாக்டருட்ட ஏன் கேக்குற?" என்றார் கணவர்.

"வலி போனது நான் செஞ்ச பயிற்சியிலங்க. நாலு மாசமா ஒரு நாள் விடாம செஞ்சிருக்கேன்."

"அந்தப் புத்தியக் குடுத்ததே ஆத்தாதானே."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எனக்கும் பயம் உண்டு. நான் ஒன்றும் சாமி இல்லை என்கிற ஆள் கிடையாது. சின்ன வயதில் அம்மை போட்டபோது என் அம்மா தலைமாட்டில் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்த வீட்டில் வளர்ந்தவள். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் குற்றமாகிவிடும் என்று என் மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாத்தனார் அந்த மூலையைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"செய்யாம விட்டா, பெறகு ரெண்டு காலுலயும் வந்துரும். ஆத்தாகிட்ட வெளையாடக் கூடாது."

வெள்ளியில் பாதம் வாங்கி உண்டியலில் போடுகிறேன் என்றேன், ஆகாதாம். மாவிளக்குப் போடுகிறேன் என்றேன், அதையும் போடு, இதையும் செய் என்றார்கள். செருப்போடு நடக்கிறேன் என்றதற்கு இரண்டு பேரும் காதைப் பொத்தாத குறை. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எங்கள் தெருவில் நடக்கிறவர்கள் கூட்டத்தில் என் பெயரும் சேர்ந்துவிட்டது. மஞ்சள் சேலை கூட நாத்தனாரே வாங்கி வந்துவிட்டார்கள். நானும் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியபின் வந்த இரண்டு வாரமும் தினமும் காலையில் காலைத் தரையில் வைக்கும்போது, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி வலிக்காமல் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தேன்.

புறப்படுகிற நாள் விடிகாலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் எல்லோரும் கூடினார்கள். மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, பூத்தட்டு. மேளக்காரர் மேளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். நடந்துவிடுவதென்றே போனேன். வருவது வரட்டும், திரும்ப முதலிலிருந்து துண்டை மாட்டி இழுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றியிருந்தேன். தட்டையும் கையில் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் என் கணவர் வந்தார். என் ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் தண்ணீர் கேன், பின்னால் ஒரு பெட்டி நிறைய மோர் பாக்கெட். கண்ணுக்குக் கூலிங்கிளாஸ். காலில் என்னுடைய சிலிக்கான் மெத்தை வைத்த செருப்பு. தன் செருப்பு அறுந்துவிட்டதாம்.

"நீங்க முன்னால போங்க, நான் பின்னாடியே வண்டில வாரேன். தண்ணி கிண்ணி வேணும்னா கூப்புடு" என்றார் என்னிடம்.

நான் அவர் காலைப் பார்த்தேன். என் கால் பதிந்து பதிந்து குழிவிழுந்த மெத்தையில் அவர் கால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எறங்குங்க" என்றேன்.

"என்ன?"

"வண்டிய விட்டு எறங்குங்க. செருப்பக் கழட்டுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேளச் சத்தம் நின்றது. பூத்தட்டை அவர் கையில் வைத்தேன்.

"நேர்ந்தது நீங்க. நீங்களே நடங்க. நான் வண்டில வாரேன்."

"ஏத்தா, கூட்டத்துல வச்சு என்ன பேச்சு இது?" என்று நாத்தனார் ஓடி வந்தார்கள்.

"மதினி, எனக்கு வலிச்சப்ப ஒருத்தரும் பாதி வாங்கிக்கல. நடக்குறதையாச்சும் வாங்கிக்கட்டும்."

குற்றம் குறை இருந்தால் ஆத்தா என்னிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவள் பொம்பளை, அவளுக்கு விளங்கும். அப்படிக் கத்தியது கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. என் கணவர் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினார். கூலிங்கிளாஸையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். முந்திரிக்காடு தாண்டும் வரை நிழல் இருந்தது. வெயில் ஏறியதும் ரோடு காய ஆரம்பித்தது. வழியில் ஊர்க்காரர்கள் நடக்கிறவர்களின் காலுக்காக ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரம் தீர்ந்த இடங்களில் என் கணவர் விரல் நுனியில் நடந்தார். ஒரு கட்டத்தில் ரோட்டை விட்டிறங்கி மண்ணில் நடந்தார், மண்ணில் முள் இருந்ததால் மறுபடி ரோட்டுக்கு வந்தார். நான் கூப்பிட்டு மோர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போனேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் சிவந்து, விரல்களுக்குக் கீழே நீர் கோத்திருந்தது. தண்ணீரை ஊற்றினேன்.

"என்னத்துக்குங்க இப்புடி ஒரு நேர்த்திக்கடன்?" என்றேன். அப்போது நான் சண்டைக்குக் கேட்கவில்லை.

அவர் மிச்சத் தண்ணீரை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டார்.

"நீ காலையில மொத அடி வைக்கறப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போடுவ. அந்தச் சத்தத்துலதான் தெனமும் நான் முழிக்கிறது" என்றார்.

"முழிச்சுக்கிட்டா கெடந்தீங்க?"

"ஆமா. கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நீ போறதப் பாக்க முடியல. மோட்டாருன்னா பிரிச்சுப் பாத்துருவேன். இதுல நான் என்னத்தச் செய்ய? அதான் ஆத்தாகிட்ட போயி, வாயில வந்தத நேர்ந்துட்டு வந்துட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. வருடம் பூராவும் நான் தனியாகத்தான் விழித்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் விழித்துக்கொண்டே படுத்திருந்தார் என்று தெரிந்தபோது அது இன்னும் அதிகமாக வலித்தது.

"என்னத்தச் செய்யவா?" என்றேன். "எந்திரிச்சு ஒரு கை குடுத்திருக்கலாம்ல. கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும். அதுக்கு ஆத்தா எதுக்கு, பூத்தட்டு எதுக்கு?"

வேறு ஊர்க்காரர்களின் கூட்டம் ஒன்று மேளத்தோடு எங்களைத் தாண்டிப் போனது. அது போய்ச் சத்தம் அடங்கியதும் அவர் எழப் பார்த்தார். பாதத்தை ஊன்றியதும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, எழுவதற்குக் கையை நீட்டினார்.

நான் கொடுத்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது.